அக்கரை சென்றோர் ஊர் தேர்ந்த வரலாறு

வேற்று நாட்டிற் குடியேற விழைவோர் நாட்டைப் பற்றி நெடிது எண்ணுவர். ஊரைப் பற்றி எண்ணுவோர் சிலரே. கூலி கிடைப்பதும், வாடகை இறுப்பதும், பிள்ளைகள் பள்ளி செல்வதும், இரவில் அச்சமின்றி உறங்குவதும் ஊரைப் பொறுத்தனவாம். இவ்வுண்மையை மலைநாட்டுத் தோட்ட மக்கள் பெருவிலை கொடுத்துக் கற்றனர். அவ்வரலாற்றை இம்மலரிற் சிறிது ஆராய்வோம்.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. பின்னர், 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். அதன்படி 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் 15 ஆண்டுகளில் ஏற்பதாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974 இல் முடிவாயிற்று. நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலைப் பகுதிக் குடும்பங்கள் கோச்சியேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் அடைந்து, மண்டபம் முகாமில் தங்கின. அதன் பின் எவ்வூர் செல்வது என்பதே வினா.

தேயிலைத் தொழிலன்றிப் பிறிதறியாதார்க்கு நீலகிரி இயல்பாகவே பொருந்தியது. குளிரும் மழையும் சரிவான நிலமும் அவர்க்குப் பழகியவை. தாயகம் திரும்பியோர்க்கு வேலையளிக்கும் பொருட்டு 1968 இல் தமிழ்நாட்டரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 1976 இல் அவை தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், சேரம்பாடி, வால்பாறை ஆகிய இடங்களில் நம்மவர் கொழுந்தெடுத்தனர். கையறிந்த தொழில் உடனே கூலி தந்தது.

சமவெளி நகரங்களுக்குச் சென்றோர் நிலை வேறு. சிறு வியாபாரக் கடன் பெற்றுக் கடை வைக்குமாறு பலர் அனுப்பப்பட்டனர். கவ்வாத்து வெட்டியவர்க்குக் கடைத்தெருவின் கணக்கு எங்ஙனம் விளங்கும்? தோட்டத்தில் லயத்துக்கு வாடகையில்லை. விறகும் கீரையும் அருகிற் கிடைத்தன. அரிசியின் விலை மாத முடிவிற் சம்பளத்திற் கழிந்தது. நகரிலோ வாடகை, விறகு, அரிசி யாவும் கைக்காசு. முதலாக வந்த கடன் சில மாதங்களில் உணவாகவும் வாடகையாகவும் கரைந்தது. பலர் மீண்டும் மலையேறி வேலை தேடினர். கொடைக்கானற் பக்கம் சென்றோருட் சிலர் முன்பணம் பெற்று, மரம் வெட்டும் வேலையிற் கொத்தடிமைகளாயினர்.

பாதுகாப்பு என்பதும் ஆழ்ந்து நோக்கற்பாலது. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் பல குடும்பங்கள் தோட்டங்களை நீங்கி வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறின. தம் மொழி பேசுவோர் சூழ்ந்திருத்தலே காப்பு என்று அவை கருதின. ஆயின் பின்னெழுந்த போர் அவற்றை மீண்டும் பெயர்த்தது. நீலகிரியிலும் குடியிருப்பு வேலையோடு பிணைந்திருந்தமையின், ஓய்வு பெற்றோர் எங்கே தங்குவது என்னும் கவலை எழுந்தது. 2022 இல் அக்கழக நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்கு மீளளிக்க மாநில அரசு ஆணையிட்டபோது அக்கவலை மிகுந்தது. கூலியும் அமைதியும் இருப்பினும், காலூன்றும் உரிமை இல்லாவிடத்துப் பாதுகாப்பு அரைகுறையே.

இவற்றினின்றும் நாம் கொள்ளத்தக்க வினாக்கள் நான்கு. நம் கைத்தொழிலுக்கு அவ்வூரில் இன்றே வேலை உண்டா? வாடகையும் உணவும் பயணச் செலவும் கழித்தபின் கூலியில் மிஞ்சுவது யாது? முன்பணமோ தரகோ நம்மை ஒருவரிடம் கட்டிப்போடுமா? வேலை போயினும் அங்கே தங்கச் சட்டம் இடந்தருமா? கூலி உயர்ந்த பெருநகரில் வாடகையும் உயர்ந்திருத்தல் இயல்பாதலின், கூலித் தொகையை மட்டும் நோக்குவோர் ஏமாறுவர். வளைகுடா நாடுகளுக்கோ, இலண்டனுக்கோ, தொரன்ரோவுக்கோ செல்லும் இன்றைய இளைஞர்க்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.

இறுதியாக ஒன்று. முன்னர்ச் சென்றோர் பலர் தம் துன்பத்தை மறைத்து, நலமென்றே ஊருக்குக் கடிதமெழுதினர். மானம் கருதி அவர் மறைத்ததனைப் பின்சென்றோர் அறிந்திலர். அதே இடர்ப்பாட்டில் வீழ்ந்தனர். ஆகவே கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவர்களை யாம் வேண்டுவது இதுவே: உங்கள் ஊரின் வாடகையையும் கூலியையும், பட்ட இடர்களையும் ஒளியாது இளையோர்க்கு எழுதுங்கள். கல்லூரிக்கு நீங்கள் அனுப்பும் நன்கொடையினும் அக்கடிதம் சிறியதன்று.