வேப்பங்கன்றுக்குத் தண்ணீர்

பாடசாலை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வளவில் நிழலுக்கென்று ஒரு வேப்பங்கன்று வைத்துவிட்டு வருவது நம்மவர் வழக்கம். நானும் வைத்தேன். அம்மா தினமும் ஒரு செம்பு தண்ணீர் விட்டா. அப்படியும் கன்று பட்டுப்போனது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிதான் கிணற்றுக்கும் மரத்துக்கும். நாங்கள் போகும் ஜூலை, ஆகஸ்டிலோ சோளகம் மண்ணை உலர்த்திவிடும். செம்புத் தண்ணீர் மேல்மண்ணை நனைத்து அன்றைக்கே ஆவியாகும். வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே படரும், வெயிலில் காயும்.

ஆகவே மாரி தொடங்கும்போது நடச் சொல்லுங்கள். பிறகு இரண்டு கோடைக்கு, வாரம் இரு தடவை, இரண்டு மூன்று வாளி, மெதுவாக, மாலையில். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டப்பாத்தி கட்டவேண்டும். கிளை விரிய விரியப் பாத்தியையும் வெளியே தள்ளுங்கள். மேலே காவோலை பரப்பினால் ஈரம் நிற்கும், தண்டில் முட்டாமல் போடுங்கள். போதுமா என்று பார்க்க ஒரு கம்பியைக் குத்துங்கள். ஈரமண்ணில் ஒரு முழம் இறங்கினால் சரி. மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும்.

2003, 2018, 2022 கோடைகளில் இங்கும் புல் காய்ந்தது. தோட்டத்து ஆப்பிள் கன்றுக்கும் இதே முறைதான்.

இரண்டாவது வேம்பைத் தம்பி ஐப்பசியில் வைத்தான். அம்மா இப்போது அதன் கீழேதான் கதிரை போட்டு இருக்கிறா.