ஒன்பது வாரம் முடிந்த பிறகு வாரத்தில் எத்தனை நாள் ஓடலாம்?



"ஒன்பது வாரமும் முடித்துவிட்டேன், ஐயா. அரை மணி நேரம் நிற்காமல் ஓட முடிகிறது. இனி தினமும் ஓடலாமா?" என்று சர்க்கரை நோய்ப் பிரிவின் வராந்தாவில் காத்திருப்பவர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் மருத்துவரைப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில் மாத்திரை, இரத்தப் பரிசோதனை எல்லாம் பேசி முடிப்பதற்கே நேரம் சரியாகிவிடுகிறது. ஓட்டத்தைப் பற்றிய கேள்வி மருத்துவமனைப் போதகர்களாகிய எங்களிடம் வந்து சேருகிறது. எங்கள் மருத்துவர்களிடம் கேட்டும், அவர்கள் காட்டிய ஆய்வுகளைப் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். பங்காளர்களிலும் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். உங்களுக்கும் இது பிரயோஜனமாயிருக்கும்.

முன்பெல்லாம் தேனியிலும் கம்பத்திலும் அதிகாலையில் ஓடுகிறவர் என்றால், போலீஸ் வேலைக்கோ இராணுவத்துக்கோ ஆயத்தப்படுகிற வாலிபர் என்றே பொருள். இப்போது பள்ளி மைதானங்களில் ஆசிரியர்களையும், கடைக்காரர்களையும், ஓய்வு பெற்ற அலுவலர்களையும் காண்கிறோம். சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ அணிந்து வருகிற தாய்மாரும் உண்டு. பலருடைய கையிலும் தொலைபேசி இருக்கிறது. எப்போது நடக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று அதுவே சொல்லிக்கொடுக்கிறது.

அந்தப் பயிற்சியின் கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1996இல் ஜாஷ் கிளார்க் என்னும் அமெரிக்க இளைஞர், ஐம்பது வயதைக் கடந்த தம் தாயாரையும் ஓடவைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதிய ஒன்பது வாரத் திட்டம் அது. 'கவுச் டு 5கே', அதாவது சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு என்பது அதன் பெயர். முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி இருபது நிமிடம் செல்ல வேண்டும். ஒன்பதாம் வாரத்தில் நிற்காமல் முப்பது நிமிட ஓட்டம். வாரத்துக்கு மூன்று நாள்தான். பிரிட்டனின் அரசு சுகாதார அமைப்பான என்.எச்.எஸ். இதை ஏற்றுப் பரப்பிய பிறகு உலகமெங்கும் சென்றுவிட்டது.

ஆனால் திட்டம் ஒன்பதாம் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. பத்தாம் வாரம் என்ன செய்வது? இங்கேதான் ஜனங்கள் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் "முடித்துவிட்டோம்" என்று ஷூவைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். மற்றொரு சாரார் உற்சாகம் மிகுதியாகி மறுநாளிலிருந்தே தினமும் ஓடுகிறார்கள்.

தினமும் ஓடுகிறவர்களை முதலில் பார்ப்போம். ஒன்பது வாரத்தில் நம் சரீரத்தில் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பலப்படுவதில்லை. இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. மூச்சு வாங்குவது குறைந்துவிடுகிறது. எலும்பும், குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணும் அப்படியல்ல. அவை திடப்பட மாதங்கள் ஆகும். ஒவ்வொரு ஓட்டத்திலும் எலும்பில் மிக நுண்ணிய தேய்மானம் உண்டாகிறது. ஓடாத நாளில்தான் சரீரம் அதைப் பழுது பார்த்து, முன்னிலும் உறுதியாகக் கட்டுகிறது. எனவே "மூச்சு தாங்குகிறதே, கால் ஏன் தாங்காது?" என்கிற கணக்கு தவறிவிடுகிறது. பத்தாம், பதினோராம் வாரங்களில் கெண்டைக்காலின் முன்பக்க எலும்பில் வலி, காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் வலி என்று வருகிறவர்களை எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் பார்க்கிறோம்.

இதற்குப் பழைய ஆய்வு ஒன்று சாட்சியாக இருக்கிறது. மைக்கேல் பொல்லாக் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1977இல் வெளியிட்டது. ஓடிப் பழகாத வாலிபர்களைப் பிரித்து, வாரத்துக்கு 1 நாள், 3 நாள், 5 நாள் என்று ஒவ்வொரு முறையும் முப்பது நிமிடம், இருபது வாரம் ஓடவிட்டார்கள். ஒரு நாள் ஓடியவர்களில் ஒருவருக்கும் காயமில்லை. மூன்று நாள் ஓடியவர்களில் 12 சதவீதத்தினர் காயப்பட்டனர். ஐந்து நாள் ஓடியவர்களில் 39 சதவீதத்தினர்! ஐந்து நாள் ஓடியவர்களுக்கு உடற்தகுதி கொஞ்சம் கூடுதலாக உயர்ந்தது உண்மை. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காக மூன்று மடங்குக்கு மேல் காயத்தை விலையாகக் கொடுத்தார்கள். அவர்களெல்லாம் இருபது முதல் முப்பத்தைந்து வயதுக்காரர்கள் என்பதை ஐம்பது வயதுக்காரர்கள் நினைவில் கொள்ளவும்.

இனி ஷூவைப் பரணில் ஏற்றியவர்கள். 1984இல் எட்வர்ட் காயில் குழுவினர் நல்ல பயிற்சியுள்ள விளையாட்டு வீரர்களை முற்றிலும் ஓய்வாக இருக்கச் செய்து பார்த்தார்கள். மூன்று வாரத்துக்குள் அவர்களுடைய சரீரம் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் 7 சதவீதம் குறைந்தது. பன்னிரண்டு வாரத்தில் 16 சதவீதம். வருடக்கணக்காக ஓடியவர்களுக்கே இப்படியென்றால், ஒன்பது வாரத்தில் சம்பாதித்தது எத்தனை நாளைக்கு நிற்கும்?

சம்பாதிப்பது கடினம், சம்பாதித்ததைக் காப்பது அவ்வளவு கடினமல்ல. இராபர்ட் ஹிக்சன் என்பவர் 1981இல் இதைக் காட்டினார். பத்து வாரம் வாரத்துக்கு ஆறு நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை, அடுத்த பதினைந்து வாரம் நான்கு நாளாகவோ இரண்டே நாளாகவோ குறைக்கச் சொன்னார். நேரத்தையும் வேகத்தையும் மட்டும் குறைக்கவில்லை. இரண்டு நாள்காரர்களும் முன்பிருந்த பிராணவாயுத் திறனை இழக்கவில்லை. ஆகவே வேலைப் பளு, அறுவடை, பிள்ளைகளின் பரீட்சை என்று ஏதாவது வந்தால் வாரத்தில் இரண்டு நாளாவது ஓடிவிடுங்கள். இரண்டு நாள் என்பது குற்ற உணர்வோடு செய்யவேண்டிய காரியமல்ல.

அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் 55,000 பேரைச் சராசரியாகப் பதினைந்து ஆண்டு கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் மொத்தம் 51 நிமிடத்துக்கும் குறைவாக, ஒன்றிரண்டு முறை, மெதுவாக ஓடியவர்களுக்கும் இருதய நோயால் மரிக்கும் அபாயம் ஓடாதவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. ஓடுகிறவர்கள் மற்ற காரியங்களிலும் ஜாக்கிரதையானவர்களாக இருந்திருக்கலாம். ஆகையால் முழுப் பெருமையையும் ஓட்டத்துக்கே கொடுத்துவிட வேண்டாம்.

அப்படியானால் ஏன் மூன்று நாள் என்கிறோம்? எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை இருப்பதால்தான். ஓடும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளுகின்றன. ஓட்டம் முடிந்த பிறகும் இன்சுலின் கொஞ்சநாள் நன்றாக வேலை செய்கிறது. அந்தக் கொஞ்சநாள் என்பது ஏறத்தாழ ஒரு நாள் முதல் மூன்று நாள் வரைதான். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உடற்பயிற்சி இல்லாமல் விடக்கூடாது என்று சர்க்கரை நோய் வல்லுநர்கள் சொல்கிறார்கள். ஞாயிறு ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு ஆறு நாள் உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சு பலப்படலாம். சர்க்கரை அவருக்குக் கீழ்ப்படியாது. ஒன்றுவிட்டு ஒருநாள் ஓடுகிறவருக்கு ஓட்டத்தின் பலன் அறுபடாமல் அடுத்த ஓட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது. எலும்புக்கும் இடைநாள் ஓய்வு கிடைக்கிறது. கால் புண்ணோடு மாதக்கணக்கில் படுத்து, கடைசியில் விரலையோ பாதத்தையோ இழந்துபோகிறவர்களின் படுக்கையருகே நாங்கள் அடிக்கடி நிற்கிறோம். அவர்களில் பலருக்கு நோய் தொடங்கிய ஆண்டுகளில் கால் நன்றாகவே இருந்தது.

திங்கள், புதன், வெள்ளி ஓடுங்கள். சனிக்கிழமை நடந்துவிடுங்கள். ஞாயிறு ஓய்வு. ஏழில் ஒருநாள் இளைப்பாறுதல் என்கிற ஏற்பாட்டை நாங்கள் பிரசங்கிப்பது வேறு காரணத்துக்காக. கணுக்காலும் அதையே விரும்புகிறது என்பது எங்களுக்கு மகிழ்ச்சி. வேறு கிழமைகள் வசதியென்றால் அப்படியே ஆகட்டும். இரண்டு ஓட்டத்துக்கு நடுவே ஒருநாள் இருந்தால் போதும்.

நடக்கிற நாளுக்கு ஏற்பாடு உண்டு. 2023 நவம்பர் 4ஆம் தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தமிழக அரசு தேனி உட்பட 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. எட்டும் நடக்க முடியாவிட்டால் மூன்று நடக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியிருக்கிறது. அதற்கு இயந்திரங்கள் தேவையில்லை. தோப்புக்கரணம் போட்டால் தொடை பலப்படும். படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கினால் கெண்டைக்கால் பலப்படும்.

இங்கே ஒரு விதிவிலக்கு சொல்லவேண்டும். கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியும் முன்னே ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற சகோதர சகோதரிகளுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்குகிற கால் அது. அப்படிப்பட்டவர் ஓட விரும்பினால் வேலையில்லாத நாளில் ஓடட்டும். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். சோபாவிலிருந்து எழுந்து வருகிறவருக்காக எழுதின திட்டத்தை, சோபாவே இல்லாத வீட்டில் அப்படியே பின்பற்ற முடியாது.

அந்த ஜீப்புகளின் நிமித்தமாகவும் ஓடுகிறவர்கள் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். இருட்டில் வேகமாக வருகின்றன. கார்த்திகை முதல் தை வரை சபரிமலைக்குச் செல்லும் வாகனங்கள் இரவு பகலாகக் கம்பம், குமுளி சாலையில் ஓடுகின்றன. அந்த மாதங்களில் நெடுஞ்சாலையைத் தவிர்த்து மைதானத்திலோ வாய்க்கால் கரையிலோ ஓடுங்கள். கரையில் என்றால் வெளிச்சம் வந்த பிறகு. புல்லில் என்ன படுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனி, ஆடிக் காற்று கணவாய் வழியே இறங்கும் நாட்களில் எதிர்காற்றில் ஓடிக் கடிகாரத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அந்நாட்களில் நேரத்தைக் கணக்கிட்டால் போதும், தூரத்தை விட்டுவிடலாம்.

எப்போது கூட்டலாம்? பத்தாம் வாரத்திலிருந்து ஆறு வாரம் அதே மூன்று நாள், அதே முப்பது நிமிடம். வலியில்லாமல் அதைக் கடந்தால், ஒருநாள் ஓட்டத்தை மட்டும் நாற்பது நிமிடமாக்கலாம். நான்காவது நாளைச் சேர்ப்பது அதற்கும் பிறகு. வேகத்தைக் கூட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். 2021இல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான திரு. மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் காலில் அடிபட்டவர். நடு வயதில் ஓடத் தொடங்கி, 21 கிலோமீட்டர் அரை மாரத்தானை நூறு முறைக்கு மேல் ஓடியவர். அவரைப் பார்த்து ஓட வந்தவர்கள் அவருடைய எண்ணிக்கையைப் பின்பற்றத் தேவையில்லை. அது பல ஆண்டுகளில் சேர்ந்த எண்ணிக்கை.

காவலர் தேர்வுக்கு ஓடுகிற தம்பிமார் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கவேண்டும். அவர்களுக்கு மூன்று நாள் போதாது என்று தோன்றும். நான்கு நாள் வரை ஓடலாம். அதில் ஒருநாள் மட்டும் வேக ஓட்டம், மற்றவை மெதுவாக. தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு எலும்பில் விரிசல் விட்டு உட்கார்ந்துவிட்டால் அந்த வருடமே போய்விடுகிறது. வீட்டில் அந்த வேலையை நம்பியிருப்பவர்களை நினைத்து ஓய்வு நாளைக் கைவிடாதிருங்கள்.

நடுவில் விட்டுப்போனால்? ஒரு வாரம் விட்டிருந்தால் விட்ட இடத்திலேயே தொடங்கலாம். மூன்று வாரம் ஆகியிருந்தால் ஆறாம் வாரப் பாடத்துக்குத் திரும்புங்கள். டெங்கு, சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகு மருத்துவர் சொல்லும்வரை நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ, தலைசுற்றலோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். அடுத்த ஓட்டத்தில் சரியாகிவிடுமா என்று பார்க்க வேண்டாம். பாதத்தில் மதமதப்பு உள்ளவர்கள் ஓடத் தொடங்கும் முன் கால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வெறுங்காலோடு ஓடவே கூடாது. வீடு திரும்பியதும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரையோ, குளுக்கோஸ் பொடியோ வைத்துக்கொண்டு ஓடுங்கள். கை நடுங்கி வேர்த்தால் உடனே உட்கார்ந்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைய ஓட்டம் அதோடு போதும்.