எண்ணும் கண்ணும் சேர்ந்தால்: பிரேடியா, மேனிங்கா?



"இருவரில் யார் சிறந்தவர்? காரணங்களுடன் விளக்குக." இப்படி ஒரு கேள்வி வந்தால் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிப்பார்கள். ஒன்று, கையில் கிடைத்த எண்களையெல்லாம் கொட்டிவிடுவது. மற்றொன்று, "எனக்கு இவரைத்தான் பிடிக்கும், பார்த்தாலே தெரியுமே" என்று முடித்துவிடுவது. முதலாவது பட்டியல், இரண்டாவது விருப்பம். இரண்டுமே வாதம் ஆகாது. எண்ணையும் பார்வையையும் சேர்த்து எப்படி ஒரு முடிவுக்கு வருவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்கக் காற்பந்தை எடுத்துக்கொள்வோம். ஏன் அது? மெஸ்ஸியா ரொனால்டோவா என்று கேட்டால் வகுப்பு உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். அப்புறம் யாரும் யோசிக்க மாட்டார்கள். டாம் பிரேடி, பெய்ட்டன் மேனிங் என்றால் நம் பிள்ளைகளில் பலருக்கு எந்தப் பக்கமும் இல்லை. நடுநிலையோடு பழக இது நல்ல இடம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி

இது நாம் ஆடும் காற்பந்து அல்ல. ஓர் அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள். முன்னேறினால் மீண்டும் நான்கு. பந்தை எதிரணியின் கடைசிப் பகுதிக்குள் கொண்டு சேர்த்தால் அது டச்டவுன், 6 புள்ளிகள். தாக்கும் அணியை நடத்துபவர்தான் குவார்ட்டர்பேக். பந்து அவர் கைக்கு வந்ததும் ஓரிரு விநாடிகளில் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டும். எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிட்டால் அது இண்டர்செப்ஷன். பந்தை எறியும் முன்பே அவரை வீழ்த்திவிட்டால் அது சாக்.

பிரேடி 2000 முதல் 2022 வரை 23 பருவங்கள் ஆடினார். பெரும்பகுதி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில், கடைசி மூன்று பருவங்கள் டாம்பா பே பக்கனியர்ஸ் அணியில். மேனிங் 1998-இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியில் தொடங்கி, டென்வர் பிராங்கோஸ் அணியில் 2015 பருவத்தோடு முடித்தார்.

படி 1: மொத்தமா, விகிதமா?

வழக்கமான பருவ ஆட்டங்களில் பிரேடி எறிந்து பெற்றது 89,214 யார்டு, 649 டச்டவுன். மேனிங் பெற்றது 71,940 யார்டு, 539 டச்டவுன். "அப்ப பிரேடிதான் பெரிய ஆளு" என்று முடித்துவிடலாமா? அவசரப்படாதீங்க. பிரேடி எறிந்தது 12,050 முறை, மேனிங் 9,380 முறை. அதிகம் எறிந்தவருக்கு மொத்தமும் அதிகமாகத்தான் இருக்கும். ஒருவர் நூறு கேள்விக்கு எண்பது சரி, இன்னொருவர் எழுபது கேள்விக்கு அறுபது சரி என்றால், எண்பது பெரிது என்றா சொல்வோம்?

ஆகவே வகுத்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வோர் எறிதலுக்கும் கிடைத்த யார்டு: மேனிங் 7.67, பிரேடி 7.40.
இலக்கைச் சேர்ந்த எறிதல்கள்: மேனிங் 65.3 விழுக்காடு, பிரேடி 64.3 விழுக்காடு.
டச்டவுனில் முடிந்தவை: மேனிங் 5.7 விழுக்காடு, பிரேடி 5.4 விழுக்காடு.
இண்டர்செப்ஷன் ஆனவை: மேனிங் 2.7 விழுக்காடு, பிரேடி 1.8 விழுக்காடு.

பார்த்தீர்களா? மொத்தத்தில் பின்தங்கிய மேனிங், விகிதத்தில் நான்கில் மூன்றில் முன்னால் நிற்கிறார். ஆனால் நான்காவதில், அதாவது பந்தைப் பறிகொடுக்காமல் இருப்பதில், பிரேடி தெளிவாக முந்துகிறார்.

இந்த நான்கையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் வாய்பாடு ஒன்றை அமெரிக்க தேசிய லீக் 1973 முதல் பயன்படுத்துகிறது. அதன்படி பிரேடிக்கு 97.2, மேனிங்கிற்கு 96.5. வெறும் 0.7 வித்தியாசம். இதை வைத்து "பிரேடியே சிறந்தவர்" என்று அடித்துச் சொல்வது சரியல்ல. அந்த வாய்பாட்டில் சாக் கணக்கில் வராது. மேனிங் வீழ்த்தப்பட்டது 303 முறை, பிரேடி 565 முறை. எறிய முயன்ற வாய்ப்புகளோடு ஒப்பிட்டால் மேனிங்கிற்குச் சுமார் 3.1 விழுக்காடு, பிரேடிக்கு 4.5 விழுக்காடு. ஒரு கூட்டு எண்ணைப் பயன்படுத்தும்போது "இதில் எது சேரவில்லை?" என்று ஒரு கேள்வி கேட்டே ஆகணும்.

படி 2: சாக்குப்போக்கையும் சோதித்துப் பார்

மேனிங் ரசிகர் ஒருவர் இப்படி வாதிடலாம்: "முதல் பருவத்தில் அவர் கற்றுக்குட்டி. அந்த 1998-இல் மட்டும் 28 இண்டர்செப்ஷன். கடைசிப் பருவத்தில் உடல் தளர்ந்து 17. அவற்றை வைத்து அவரை மட்டம் தட்டலாமா?" நியாயமான மறுப்புதான். பிரேடி தம் முதல் பருவத்தில் எறிந்ததே மூன்று முறைதான். ஓரமாக இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ள அவருக்கு நேரம் கிடைத்தது.

சரி, கழித்துப் பார்ப்போம். அந்த இரண்டு பருவங்களையும் நீக்கினால் மேனிங்கிற்கு 8,474 எறிதல்களில் 206 இண்டர்செப்ஷன். சுமார் 2.4 விழுக்காடு. குறைந்தது உண்மை. ஆனாலும் பிரேடியின் 1.8-ஐ எட்டவில்லை. ஆக, மறுப்பில் ஓரளவு உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. மாணவர்களே, எதிர்க்கருத்தைச் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடாமல், அதை இப்படி எடை போட்டுக் காட்டினால்தான் கட்டுரைக்கு வலிமை.

படி 3: வெற்றி யாருடையது?

கோப்பைக் கணக்கில் பிரேடிக்கு 7 சூப்பர் பௌல், மேனிங்கிற்கு 2. லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதில் மேனிங்கிற்கு 5, பிரேடிக்கு 3. நேருக்கு நேர் 17 ஆட்டங்களில் பிரேடியின் அணி 11, மேனிங்கின் அணி 6. ஆனால் அவற்றில் தோற்றால் வெளியேற வேண்டிய ஐந்து இறுதிச்சுற்று ஆட்டங்களை மட்டும் எடுத்தால் மேனிங் 3, பிரேடி 2.

இங்கே ஒரு நுட்பமான சங்கதி. "பிரேடி மேனிங்கைத் தோற்கடித்தார்" என்று சொல்கிறோமே, அந்த இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்பதே இல்லை. ஒருவர் எறியும்போது மற்றவர் ஓரத்தில் இருப்பார். பிரேடி எதிர்கொண்டது மேனிங்கின் அணியிலுள்ள தற்காப்பு ஆட்டக்காரர்களைத்தான். வெற்றி அணியின் சொத்து.

இதற்கு மேனிங்கின் வாழ்க்கையே சாட்சி. 2013-இல் அவர் 55 டச்டவுன், 5,477 யார்டு என ஒரே பருவத்தில் இரண்டு சாதனைகள் படைத்தார். அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் அவர் அணி 8-43 என்று படுதோல்வி அடைந்தது. 2015-இல் வழக்கமான பருவத்தில் அவர் எறிந்தது 9 டச்டவுன், 17 இண்டர்செப்ஷன். அவருடைய மிக மோசமான பருவங்களில் ஒன்று. அந்தப் பருவத்தில்தான் கோப்பை கிடைத்தது! டென்வரின் தற்காப்பு அவ்வளவு பலமாக இருந்தது. இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் தற்காப்பு வீரர் வான் மில்லருக்குப் போனது. கோப்பையை மட்டும் அளவுகோலாக வைத்தால், 2015-இன் மேனிங் 2013-இன் மேனிங்கைவிடச் சிறந்தவர் என்று சொல்ல வேண்டி வரும். யாராவது ஒப்புக்கொள்வார்களா?

படி 4: ஆள் இல்லாதபோது என்ன ஆனது?

2008-இல் முதல் ஆட்டத்திலேயே பிரேடிக்கு முழங்காலில் அடி, பருவம் முடிந்தது. முந்தைய பருவத்தில் 16-0 என இருந்த பேட்ரியட்ஸ், அவர் இல்லாமல் 11-5 எடுத்தது. 2011-இல் கழுத்து அறுவைச் சிகிச்சையால் மேனிங் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. முந்தைய பருவத்தில் 10-6 எடுத்த கோல்ட்ஸ், 2-14 என்று சரிந்தது.

இதைப் பார்த்தால், மேனிங்கின் அணி அவரையே நம்பியிருந்தது, பிரேடியின் அணிக்கு அவர் இல்லாமலும் தூண்கள் இருந்தன என்று தோன்றும். ஆனால் இன்னொரு பக்கம்: 2019-இல் 7-9 எடுத்த டாம்பா பே, 2020-இல் பிரேடி வந்ததும் 11-5 எடுத்துக் கோப்பையையும் வென்றது. அந்த ஆண்டு வேறு ஆட்டக்காரர்களும் புதிதாக வந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரே ஒரு நிகழ்வை வைத்து முடிவு கட்டாதே என்பதற்கு இந்த மூன்றும் நல்ல பாடம்.

சூழலையும் சேர்த்துப் பாருங்கள். கோல்ட்ஸ் அணியில் மேனிங்கின் உள்ளூர் ஆட்டங்கள் கூரை உள்ள அரங்கத்தில் நடந்தன. பிரேடி பேட்ரியட்ஸ் அணிக்காகத் திறந்த அரங்கத்தில், குளிரிலும் காற்றிலும் பனியிலும் எறிந்தார். இன்னொன்று, பிரேடி மேனிங்கைவிட ஏழு பருவங்கள் பிந்தி ஓய்வு பெற்றார். அதற்குள் எறிதல் லீக் முழுவதும் எளிதாகி, எல்லாருடைய விகிதங்களும் உயர்ந்திருந்தன.

படி 5: கண் என்ன சொல்கிறது?

எண்களில் அகப்படாதவை கண்ணில் அகப்படும். பந்து கைக்கு வருவதற்கு முன் மேனிங் செய்வதைப் பாருங்கள். எதிரணி நிற்கும் விதத்தைக் கவனிப்பார், கை நீட்டிக் காட்டுவார், "ஒமாஹா" என்று கத்துவார், முன்பே போட்ட திட்டத்தை அந்த இடத்திலேயே மாற்றுவார். அவர் ஏன் குறைவாக வீழ்த்தப்பட்டார் என்பதற்கு இது ஒரு விளக்கம். எண் "என்ன" என்று சொன்னது. பார்வை "ஏன்" என்று சொல்கிறது.

பிரேடி வேகமாக ஓடக்கூடியவர் அல்ல. ஆனால் நெருக்கடியில் இரண்டடி முன்னே, ஒரு அடி பக்கவாட்டில் என்று சிறு சிறு நகர்வுகளால் தப்பித்து எறிவார். 2016 பருவத்தின் சூப்பர் பௌலில் அவர் அணி 3-28 எனப் பின்தங்கியிருந்தது. அவர் எறிந்த ஒரு பந்தை எதிரணி பிடித்து டச்டவுனாகவும் ஆக்கியிருந்தது. அதற்குப் பிறகும் பதறாமல் ஆடி, கூடுதல் நேரத்தில் 34-28 என்று வென்றார்கள். இந்த நிதானத்திற்கு எந்த வாய்பாட்டிலும் கட்டம் இல்லை.

ஆனால் கண்ணும் ஏமாறும். 2000-இல் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நிபுணர்கள் பிரேடியை நேரிலே பார்த்தார்கள். ஒல்லியான உடல், 40 யார்டு ஓட 5.28 விநாடி. ஆறு குவார்ட்டர்பேக்குகளை எடுத்த பிறகுதான், 199-ஆவது ஆளாக அவரை எடுத்தார்கள். மேனிங்கோ 1998-இல் முதல் ஆளாகவே தேர்வானவர். பார்த்தவர்கள் தவறானவற்றைப் பார்க்கவில்லை, முக்கியமில்லாதவற்றை அளந்துவிட்டார்கள்.

முடிவு எழுதுவது எப்படி?

"இருவருமே சிறந்தவர்கள்" என்று நழுவாதீர்கள். அளவுகோலைச் சொல்லி, முடிவைச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக:

"ஒவ்வோர் எறிதலின் பயனையும், களத்திலேயே திட்டத்தை மாற்றும் அறிவையும் அளவுகோலாகக் கொண்டால் மேனிங் சற்று மேல். பந்தைப் பறிகொடுக்காத கவனம், நீண்ட காலம் தரம் குறையாமை, நெருக்கடியில் நிதானம் ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டால் பிரேடி மேல். ஓர் அணியை இருபது ஆண்டுக்கு ஒப்படைக்க வேண்டுமென்றால், பறிகொடுக்கும் விகிதத்தில் உள்ள தெளிவான வித்தியாசத்தின் காரணமாகப் பிரேடியைத் தேர்ந்தெடுப்பேன். ஏழு கோப்பைகள் அதற்குத் துணைச்சான்று மட்டுமே. அவை அணிக்கும் உரியவை."

இதில் நிபந்தனை இருக்கிறது, சான்று இருக்கிறது, சான்றின் எல்லையும் இருக்கிறது. வேறு அளவுகோலை வைத்து மேனிங்கைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கும் அதே மதிப்பெண் கொடுக்கலாம், வாதம் ஒழுங்காக இருந்தால்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி: மாணவர்களை மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு எண்கள் மட்டும், இன்னொன்றுக்கு ஆட்டக் காணொளி மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். பெயர்களை மறைத்து "அ", "ஆ" என்று கொடுங்கள். மூன்று குழுவும் எழுதிய முடிவுகளைப் பலகையில் வரிசையாக எழுதி, ஏன் வேறுபடுகின்றன என்று பிள்ளைகளையே பேசவிடுங்கள்.

இந்தப் பயிற்சி நமக்கும் சேர்த்துத்தான். வகுப்புசார் மதிப்பீட்டில் ஒரு பிள்ளையின் தர அடைவைக் குறிக்கும்போது நாமும் எண்ணையும் கண்ணையும்தான் நம்புகிறோம். புள்ளி குறைவு என்பதற்காகவோ, வகுப்பில் வாய் திறக்காது என்பதற்காகவோ ஒரு பிள்ளையை 199-ஆவது இடத்தில் வைத்துவிட்டோமா? எதை அளந்தோம், எதை அளக்காமல் விட்டோம் என்று ஒருமுறை பட்டியலைத் திருப்பிப் பாருங்கள். பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் நாம் எழுதும் அந்த ஓர் எண்ணைப் பெற்றோரும் பிள்ளையும் பல நாள் நினைவில் வைத்திருப்பார்கள்.