கள்ளுக்கடையை எதிர்த்து எழுந்த கெடா தோட்டங்கள்

உரிமைப் போராட்டம் என்றதும் பலருக்கு 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் குடியேறிகள் கடலில் கொட்டிய தேயிலைதான் நினைவுக்கு வரும். நம்மவர்களும் ஒரு பானத்தை எதிர்த்து எழுந்தவர்களே! அங்கே வரி, இங்கே கூலி. அலோர் ஸ்டாருக்குத் தெற்கே, பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் உருவானது தொண்டர் படை.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் 1945-இல் கலைந்தாலும், அது ஊட்டிய கட்டுப்பாடும் தன்மானமும் லயங்களில் தங்கிவிட்டன. தொண்டர்கள் கள்ளுக்கடை முன் திரண்டனர். காரணம் எளிது. மரம் சீவிப் பெற்ற கூலி மாலையில் கள்ளுக்கே போனது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. குடித்து மயங்கியவன் துரையிடம் கூலி உயர்வு கேட்பானா?

1947-இல் போலீஸ் பாய்ந்தது. பீடோங்கில் மோதல் வெடித்தது. டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். சாமியும் பலரும் கைதாயினர். தொண்டர் படை ஒடுக்கப்பட்டது.

பாஸ்டன் கதையை உலகமே படிக்கிறது. பீடோங் கதையை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா, பாட்டி இருக்கும் வீடுகளில் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.