கிளாம்பாக்கம் வழியாக ஒரு கட்டுரை

டீ வருவதற்குள் உன் தாளைக் கொடும்மா, பார்த்துவிடலாம். பிரிட்டனில் நர்ஸாகப் பதிய ஐஇஎல்டிஎஸ்ஸில் படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் 7 வேண்டும். எழுத்துக்கு மட்டும் 6.5 போதும் என்று 2018 கடைசியில் தளர்த்தினார்கள். அப்படியும் நீ எழுத்தில்தான் நிற்கிறாய். இங்கிலீஷ் போதவில்லை என்று உனக்கு எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இலக்கணம் பரவாயில்லை, வாதம்தான் நிற்கவில்லை.

எழுத்துத் தாள் ஒரு மணி நேரம். முதல் கேள்விக்கு 150 சொல், கட்டுரைக்கு 250. கட்டுரைக்கு இரண்டு பங்கு மதிப்பு, அதனால் 40 நிமிடத்தை அதற்கே வைத்துக்கொள். திருத்துகிறவர் பார்ப்பது நான்கு: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, கோவையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சமபங்கு. நீ மனப்பாடம் செய்கிற பெரிய பெரிய வார்த்தைகள் எல்லாம் சேர்ந்து மூன்றாவதற்குத்தான் உதவும். முதல் இரண்டும் யோசிக்கிற வேலை, பாதி மதிப்பெண் அங்கே கிடக்கிறது.

உன் தலைப்புக்கு வருவோம். பேருந்து நிலையங்களை ஊருக்கு வெளியே மாற்றுவது நல்லது, இதை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறாய்? நம் பக்கத்து ஆளுக்கு இதைவிடச் சுலபமான கேள்வி கிடைக்காது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து இந்த வழக்கு பேசாத டீக்கடை தாம்பரத்தில் இல்லை. நீ எழுதியிருப்பது இது: கிளாம்பாக்கம் 88 ஏக்கரில் கட்டிய நவீன நிலையம், ஆகவே மாற்றியது நல்லது.

ஆதாரம் இருக்கிறது, முடிவும் இருக்கிறது. நடுவில் ஒன்றைக் காணோம். 88 ஏக்கர் இருந்தால் பயணிக்கு என்ன வந்தது? ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1958இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த இடத்தைத்தான் பிடித்தார். ஆதாரத்திலிருந்து முடிவுக்குப் போக நாம் ஒரு நியாயத்தை மனசுக்குள் வைத்திருக்கிறோம், ஆனால் வாய்விட்டுச் சொல்வதில்லை. எதிரே இருப்பவர் "அதனால் என்ன?" என்று கேட்டால் அதை எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பெருங்களத்தூரில் சிக்கியவர்களுக்கு அந்த நியாயம் தெரியும்: திருச்சி, மதுரை வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் வெளியிலேயே திரும்பினால் நெரிசல் குறையும். இதை எழுது, ஏக்கர் கணக்கை விட்டுவிடு.

அடுத்தது எதிர்த்தரப்பு. உன் தாளில் அது ஒரு வரிகூட இல்லை. சொன்னால் நம் கட்சி இளைத்துவிடும் என்று பயப்படுகிறாய். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த பழக்கம் அது. அங்கே பேச்சாளர் தன் அணிக்கு மட்டும் பேசிக் கைதட்டு வாங்கலாம். ஆனால் தேர்வுத் தாளில் நீ உட்கார்ந்திருப்பது நடுவர் நாற்காலியில்.

வடசென்னையில் தண்டையார்பேட்டைக்காரர் ஒருவரை நினைத்துப் பார். கைக்குழந்தையோடும் இரண்டு பையோடும் விடிகாலை நான்கு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார். நிலையம் திறந்தபோது வாசலில் ரயில் கிடையாது, வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ஏற வேண்டும். நியாயமான குறைதானே? இதை எப்படி எதிர்கொள்வது? நன்னூலில் பவணந்தி முனிவர் ஏழு மதங்களைச் சொல்கிறார். மதம் என்றால் அங்கே கொள்கை. உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று. மூன்றாவதாக, பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பிறகு களைவது. நன்னூல் 13ஆம் நூற்றாண்டு. உன் கோச்சிங் சென்டர் நோட்டில் இருக்கிற எந்த உத்தியும் இந்த மூன்றாவதற்குப் பக்கத்தில் வராது என்பது என் கட்சி.

செய்து பார்ப்போம். வடசென்னைக்காரருக்குச் சிரமம், உண்மை. ஆனால் சிரமம் இடத்தால் வந்ததா, இணைப்பு இல்லாததால் வந்ததா? இணைப்பு என்றால் ரயில் விட்டால் தீரும். நெரிசலுக்கு அப்படி எளிய மருந்து இல்லை. இப்போது அவர் குறையே உன் பக்கம் சாய்ந்துவிட்டது. "எந்த அளவுக்கு" என்று கேட்டதற்கு அளவும் கிடைத்தது: பெருமளவு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ரயில் முதலில் வந்திருக்க வேண்டும். இன்னொரு சான்று வேண்டுமா? கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு 1937இல் இங்கே வந்தபோது தாம்பரம் பட்டணத்துக்கு வெகு வெளியே. 2021இல் தாம்பரமே மாநகராட்சி. ஊருக்கு வெளியே என்பது நகர்ந்துகொண்டே இருக்கிற எல்லை.

அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றும், பேசுகிறவர் மேல் நம்பிக்கை, கேட்பவர் உணர்ச்சி, காரணம், தானாகவே உள்ளே வந்துவிட்டன பார். கைக்குழந்தை உணர்ச்சி, நெரிசல் காரணம், எதிராளிக்கு இடம் கொடுத்ததில் உன் மேல் நம்பிக்கை. இதற்குமேல் அவர் வேண்டாம்.

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் உன்னிடம் இரண்டு இருக்கின்றன. மெட்ரோ கட்டணம் பற்றி நான்கு வரி: மற்றொன்று விரித்தல். முன்னுரை முக்கால் பக்கம், முடிவுரை ஒன்றரை வரி: சென்று தேய்ந்து இறுதல். இரண்டாவதற்குக் காரணம் "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்கும் அந்த மனப்பாட வரிதான். அதை அடித்துவிட்டு, உன் நிலைப்பாட்டை இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்லிவிடு. எழுதத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பேனாவை மூடி வைத்து எதிர்த்தரப்பின் மிகப் பலமான பேச்சு எது என்று யோசி. பலவீனமானதை எடுத்து அடித்தால் திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும்.

முழுக் கட்டுரையும் வேண்டாம். அந்த எதிர்த்தரப்புப் பத்தியை மட்டும் எழுதி நாளைக்குக் கொண்டுவா.