உங்களுக்குத் தெரியுமா? வலியின் மரபணுவை அடக்கி வைக்கலாம்!

வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டிவந்தான். கையில் கத்தியைக் குத்திக்கொள்வான், தணலில் நடப்பான், வலிக்கவே வலிக்காது. ஆய்வாளர்கள் அவனைப் பார்ப்பதற்குள், 14 வயதில், கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அதே வட்டாரத்து 3 குடும்பங்களில் இதே குறையுள்ள 6 பேரை கேம்பிரிட்ஜின் ஜெஃப்ரி வுட்ஸ் குழு ஆராய்ந்தது. தொடுவதும் சூடும் குளிர்ச்சியும் அவர்களுக்குத் தெரிந்தன. ஆனால் ஒவ்வொருவருக்கும் உதட்டிலோ நாக்கிலோ தாங்களே கடித்துக்கொண்ட காயம்! எஸ்.சி.என்.9.ஏ என்ற ஒரே மரபணுவின் பழுதுதான் காரணம் என்று 2006இல் தெரியவந்தது. வலி நரம்புக்குள் சோடியத்தை விடும் வாசல், அந்த மரபணு சொல்படிதான் உருவாகிறது.

மேலகரம், தென்காசிப் பக்கம் சர்க்கரை நோயால் உள்ளங்கால் எரிந்து, ராத்திரி தூக்கமில்லாமல் தவிப்பவர்கள் வீட்டில் இந்தச் செய்திக்குத் தனி மதிப்பு உண்டு. இந்த வகை நரம்பு வலி சாதாரண வலி மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை.

அந்த மரபணுவை அடக்கினால் வலியும் அடங்குமா என்று பார்க்க, 2021இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஆனா மொரேனோ, பிரசாந்த் மாலி குழுவினர், மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவியை, வெட்டும் திறனை நீக்கிவிட்டு, எலிகளின் தண்டுவட நீரில் ஊசியால் செலுத்தினார்கள். அது அந்த வலி மரபணுவை வெட்டவில்லை, அதன் மேல் அமர்ந்து அடக்கியது. அழற்சி வலியில் பலன் 44 வாரமும், புற்றுநோய் மருந்தால் வந்த நரம்பு வலியில் 15 வாரமும் நீடித்தது. எலிகளின் நடமாட்டம் கெடவில்லை. டி.என்.ஏ. எழுத்து மாறாததால், அடக்கிய மரபணு பிறகு விழித்துக்கொள்ள வழி இருக்கிறது. அதுவும் நல்லதுதான்; வலியே இல்லாமல் போவது எத்தனை ஆபத்து என்பதை அந்தச் சிறுவன் விஷயத்தில் பார்த்தோமே!