கிணற்று நீர் கூட்டிய ஊர்கள்

ஓர் ஊரின் நாளையை எழுதும் உரிமை யாருக்கு உண்டு? அவ்வூர் மக்களுக்கே உண்டு என்று எவரும் உடனே விடை கூறுவர். அவ்விடையிற் பிழையில்லை. ஆயின், ஊரோடு ஊர் ஒட்டி, எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றொன்று தொடங்குகின்றது என்பது வழிப்போக்கனுக்குப் புலப்படாத அளவுக்குப் பெருகிவிட்ட பெருநகர்ப் பரப்பில் அவ்விடை மட்டும் போதாது. அங்கே மேலூர் விட்ட கழிநீர் கீழூரின் கிணற்றிற் சேரும். ஓர் ஊர் திறந்த அங்காடிக்கு அயலூரின் வீதி தேயும். ஓர் ஊர் ஏழைக்கு அடைத்த கதவு மற்றோர் ஊரின் நெருக்கடியாக மாறும். தத்தம் எல்லைக்குள் ஒவ்வோர் ஊரும் அறிவோடு நடந்துகொண்டாலும், எல்லா ஊர்களும் சேர்ந்து அறிவின்மையில் முடிவதுண்டு.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபால், மினசோட்டா மாநிலத்தில், இரட்டை நகரங்கள் என்று பெயர்பெற்ற மினியாப்பொலிசும் சென்ற் போலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களும் இச்சிக்கலோடு அரை நூற்றாண்டுக்கு மேலாக மல்லாடி வருகின்றன. அங்கே நடந்தவற்றுள் மெச்சத்தக்கனவும் உள, நாணத்தக்கனவும் உள. இரண்டையும் ஒருங்கே நோக்குவதே நேர்மையாகும்.

பகையோடு வளர்ந்த இரட்டையர்

மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஏறத்தாழப் பத்து மைல் இடைவெளியில் அமைந்தவை இவ்விரு நகரங்களும். ஆற்றின் நீர்வீழ்ச்சியாற் கோதுமை மா ஆலைகளை ஓட்டிச் செழித்தது மினியாப்பொலிஸ். படகுத் துறையாகத் தொடங்கி மாநிலத் தலைநகராக உயர்ந்தது சென்ற் போல். இரட்டையர் என்று உலகம் அழைத்தாலும் அவற்றுக்கிடையே இருந்தது பங்காளிப் பகையே. 1890 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது, யார் பெரியவர் என்ற போட்டியில் இரண்டுமே பொய்க் கணக்கு எழுதின. புகையிரத நிலையத்தையும் முடிதிருத்தும் கடையையும் குடிமனைகளாகக் காட்டிச் சென்ற் போல் தன் பட்டியலை நீட்டியது. இல்லாத மனிதர்களைச் சேர்த்துக்கொண்டது மினியாப்பொலிஸ். மறுகணக்கு எடுக்கப்பட்டபோது இரண்டின் தொகையும் ஆயிரக்கணக்கிற் சரிந்தன.

இத்தகைய ஊர்கள் ஒருநாள் ஒரே மேசையில் அமர்ந்து பொதுத் திட்டம் வகுக்கும் என்று அன்று யாரும் கனவு கண்டிருக்கமாட்டார்கள். அவற்றை அமர வைத்தது அரசியல் ஞானமன்று. நாற்றமெடுத்த நீரே ஆகும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நகர்ப்புறத்தைச் சூழ்ந்த வயல்களிலெல்லாம் வீடுகள் முளைத்தன. வளவின் ஒரு பக்கத்திற் குடிநீருக்கு ஆழங்குறைந்த கிணறு. மறு பக்கத்தில் மலசலகூடக் குழி. கிணற்றை நம்பி வாழும் எவருக்கும் இதன் முடிவு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1959 இல் மாநிலச் சுகாதாரத் திணைக்களம் இப்புறநகர்க் கிணறுகளைச் சோதித்தபோது ஏறத்தாழப் பாதியிற் கழிநீர் கலந்திருக்கக் கண்டது. பொதுக் குழாய்த் திட்டத்தோடு இணையாத புதிய வீடுகளின் கடனுக்கு உத்தரவாதம் அளிக்க முடியாது என்று மத்திய அரசின் வீடமைப்பு நிர்வாகம் கைவிரித்தது. உடல்நலம் பற்றிய அச்சத்தோடு வீட்டின் விலை பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது. ஊர்கள் விழித்துக்கொண்டன.

எல்லை அறியாத நீர்

ஒவ்வொரு நகரசபையும் தனித்தனியே கழிநீர் நிலையம் கட்ட முனைந்தால் என்ன நேரும்? மேலே உள்ள ஊர் ஆற்றில் விடுவதைக் கீழே உள்ள ஊர் பெறும். நீருக்கு எல்லைக்கல் தெரியாது. அதனால், ஏழு மாவட்டங்களையும் அவற்றுள் அடங்கிய நூற்றுக்கணக்கான உள்ளூராட்சி அமைப்புகளையும் தழுவி நிற்கும் பெருநகர் மன்றம் ஒன்றை 1967 இல் மாநிலச் சட்டசபை நிறுவியது. 1970 ஆம் ஆண்டளவில் முப்பதுக்கு மேற்பட்ட சிறு நிலையங்கள் பொதுப் பொறுப்பில் வந்தன. அவற்றுட் பெரும்பாலானவை பின்னர் மூடப்பட்டு, இன்று ஒன்பதே நிலையங்கள் அப்பரப்பின் கழிநீரைச் சுத்திகரிக்கின்றன.

கழிநீர்க் குழாயை வெறும் குழாய் என்று எண்ணலாகாது. எங்கே குழாய் போகின்றதோ அங்கே வீடு எழும். எங்கே போகவில்லையோ அங்கே வயல் நிலைக்கும். ஆகவே, குழாய் எந்த ஆண்டில் எத்திசையில் நீளும் என்பதைத் தீர்மானிப்பவர் ஊர்களின் எதிர்காலத்தையே தீர்மானிக்கின்றார். நீரைக் காக்கத் தோன்றிய மன்றம் நிலத்தைத் திட்டமிடும் மன்றமாக மாறியது இவ்வாறுதான்.

பகிர்ந்துகொண்ட வரி

நீரைப் பகிர்வது எளிது. பணத்தைப் பகிர்வதே அரிது. பெரும் அங்காடியோ தொழிற்சாலையோ தன் எல்லைக்குள் வந்தால் நகரசபைக்குச் சோலைவரி பெருகும், பாடசாலை சிறக்கும். அயலூருக்கோ நெரிசலும் புகையுமே மிச்சம். ஆகவே ஒவ்வோர் ஊரும் தொழிலதிபரை வருந்தி அழைப்பதிலும், வருவாய் குறைந்தோரை வரவிடாது தடுப்பதிலும் முனையும். அத்தகைய போட்டி நிலவும் வரை எந்த நீண்டகாலத் திட்டமும் ஏட்டுச் சுரைக்காயே.

இதனை உணர்ந்தோர் 1971 இல் ஒரு துணிவான சட்டத்தை நிறைவேற்றினர். அதனை முன்னின்று நடத்தியவர் அனோக்கா மாவட்டத்தைச் சேர்ந்த சட்டசபை உறுப்பினர் சார்ள்ஸ் வீவர். அவ்வாண்டுக்குப் பின் ஒவ்வோர் ஊரிலும் வணிக, தொழிற் கட்டடங்களின் வரிப் பெறுமானம் எவ்வளவு உயர்கின்றதோ, அதில் நூற்றுக்கு 40 பங்கு பொதுத் தொகுதியிற் சேரும். அது மக்கள் தொகையையும் ஊரின் வசதியையும் நோக்கி மீண்டும் பகிர்ந்தளிக்கப்படும். வசதி குறைந்த ஊருக்குப் பங்கு கூடும். பேர்ன்ஸ்வில் என்னும் ஊர் இதனை எதிர்த்து வழக்காடிற்று. 1974 இல் மாநில உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரு காலத்தில் இத்தொகுதிக்கு வாரிக் கொடுத்த மினியாப்பொலிஸ் பின்னொரு காலத்திற் பெற்றுக்கொள்ளும் ஊராக மாறியது. இன்று மேட்டில் நிற்பவன் நாளை பள்ளத்தில் நிற்கக்கூடும் என்ற நினைவே நீண்டகாலத் திட்டத்தின் அடித்தளம் அன்றோ!

பேனா யார் கையில்?

1976 ஆம் ஆண்டின் நிலத் திட்டச் சட்டம் அடுத்த படி. இதன்படி ஒவ்வொரு நகரசபையும் தன் ஊரின் நிலப் பயன்பாடு, வீதி, நீர், பூங்கா, வீடமைப்பு ஆகியவற்றுக்கு விரிந்த திட்டமொன்றைத் தானே எழுதல் வேண்டும்; பத்தாண்டுக்கு ஒருமுறை அதனைத் திருத்தல் வேண்டும். எழுதிய திட்டத்தை முதலில் அயலூர்களுக்கு அனுப்பி அவற்றின் கருத்தைக் கேட்க வேண்டும். பின்னர் மன்றம் அதனை ஆராயும். பொதுக் குழாய், பொது வீதி, பொதுப் பூங்கா ஆகியவற்றின் ஒழுங்கை அத்திட்டம் குலைக்குமாயின் திருத்தும்படி பணிக்கும். பேனா ஊரின் கையில். ஆயின் தாளின் ஓரத்தில் அயலானுக்கும் இடமுண்டு.

இந்த ஒழுங்கு உரசலின்றி நடந்ததென்று எண்ண வேண்டாம். சென்ற் போலுக்குக் கிழக்கே லேக் எல்மோ என்னும் ஊர் தன் புல்வெளியையும் நாட்டுப்புற அமைதியையும் காக்க விரும்பி, வீடுகளை நெருக்க மறுத்தது. அவ்வூராரின் ஆசை இழிவானதன்று. பசுமையை விரும்பாதார் யார்? ஆனால் வளர்ந்துவரும் மக்கள் எங்கேனும் குடியிருக்க வேண்டும். ஓர் ஊர் ஏற்க மறுப்பதை வேறோர் ஊர் சுமக்க வேண்டும் என்றது மன்றம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2004 இல் மன்றத்தின் பக்கமே தீர்ப்பாயிற்று. ஊரின் தன்னாட்சியா, வட்டாரத்தின் நன்மையா என்ற வினாவுக்கு நீதிமன்றம் விடை கூறியது. எனினும், தோற்றோரின் உள்ளத்தில் அவ்வினா எளிதில் அடங்குவதில்லை.

ரொண்டோவின் புண்

இதுவரை கூறியவற்றால், தொலைநோக்குத் திட்டம் எப்போதும் நன்மையே பயக்கும் என்று எவரேனும் முடிவு செய்வாராயின், அவர் சென்ற் போலின் ரொண்டோ வீதியை அறிதல் வேண்டும். அங்கே கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். கோயில்களும் கடைகளும் சங்கங்களும் நிறைந்த குடியிருப்பு அது. இரு நகரங்களையும் இணைக்கும் பெருந்தெரு 1956 முதல் 1968 வரையான காலத்தில் அதன் நடுவே அமைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வடக்கே புகையிரதப் பாதைகளை ஒட்டி இத்தெருவை அமைக்கலாம் என்று நகரத்தின் திட்டப் பொறியியலாளராக இருந்த ஜோர்ஜ் ஹெரல்ட் வாதாடியிருந்தார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. அத்தெருவும் நீண்டகாலத் திட்டந்தான். வரைபடமும் கணக்கும் குறைவின்றி இருந்தன. அவ்வீதியில் வாழ்ந்தவர்களின் சம்மதம் ஒன்றுதான் இல்லை. 2015 இல் நகர முதல்வர் கிறிஸ் கோல்மன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு மதிப்புடையதே, இடித்த வீடு அதனால் எழுவதில்லை.

அதே பகுதியை அடுத்துச் செல்லும் வீதியிலே பிற்காலத்தில் பெருநகர் மன்றமே மின்சாரப் புகையிரதப் பாதையொன்றை அமைக்க முற்பட்டது. முதலில் வகுத்த திட்டத்தில் மூன்று சந்திகளில் வண்டி நில்லாது செல்வதாக இருந்தது. பேருந்தையே நம்பி வாழும் எளிய மக்கள் மிகுந்த இடங்கள் அவை. வண்டி எங்கள் வாசலைக் கடந்து ஓடும், எங்களை ஏற்றாதோ என்று அப்பகுதியார் கேட்டனர். செலவுக்கு ஏற்ற பயணிகள் இல்லை என்ற கணக்கு அவர்களுக்கு விடையாகக் கிடைத்தது. இம்முறை மக்கள் கலைந்து போகவில்லை. அமைப்புகளாகத் திரண்டு வாதாடினர். 2010 இல் மத்திய அரசு தன் கணக்கு விதியைத் தளர்த்தியது. ஹாம்லின், விக்டோரியா, வெஸ்ரேண் என்னும் மூன்று நிலையங்களும் திட்டத்திற் சேர்ந்தன. 2014 ஆம் ஆண்டு யூன் மாதம் பாதை திறக்கப்பட்டபோது வண்டி அங்கும் நின்றது. ரொண்டோவின் இழப்புக்கு இஃது ஈடாகாது. ஆயினும் இரு காலங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கண்கூடு.

குறையும் கடமையும்

இன்றும் மன்றத்தின் மேற் கூறப்படும் பெருங் குறை ஒன்றுண்டு. அதன் பதினேழு உறுப்பினர்களையும் நியமிப்பவர் மாநில ஆளுநர், மக்கள் வாக்களிப்பதில்லை. தேர்தல் வேண்டும் என்ற கோரிக்கை 1967 இலேயே எழுந்து தோற்றது. பின்னரும் பலமுறை எழுந்தது. வாக்குக்கு அஞ்சாதவரே வட்டாரம் முழுவதையும் நோக்குவர் என்று ஒரு சாரார் கூறுவர். வாக்குக்கு அஞ்சாதவர் மக்களுக்கும் அஞ்சார் என்று மறு சாரார் கூறுவர். ரொண்டோவை நினைப்போர் இரண்டாவது கூற்றை எளிதில் தள்ளிவிடமாட்டார்.

2050 ஆம் ஆண்டை நோக்கிய வட்டாரத் திட்டத்தை மன்றம் 2025 பெப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. அதற்கு இயைய ஒவ்வோர் ஊரும் தன் திட்டத்தைத் திருத்தி 2028 முடிவதற்குள் ஒப்படைத்தல் வேண்டும். முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அப்பரப்பில், நகரசபை மண்டபங்களில் இனி நடைபெறும் விசாரணைகள் பலவற்றுக்குப் பத்துப் பேர்கூட வராதிருக்கலாம். வயல் எது, வீதி எது, ஏழைக்கு வீடு எங்கே என்பவை அங்கேதான் முடிவாகும். கட்டடம் எழுந்தபின் கூடுவோர் நூறு பேராயினும், வரைபடம் விரியும்போது வந்திருந்த ஒருவரின் வலிமை அவர்களுக்கு வாராது. நாளையைப் பற்றிய முடிவுகள், அவை முடிவுகளென்று எவரும் உணராத நாள்களிலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன. ஊரை நேசிப்போர் அந்நாள்களில் மண்டபத்தில் இருத்தல் வேண்டும். அயலூராரையும் உடனழைத்துச் செல்லல் வேண்டும்.